டிராம்போலினும் கழைக்கூத்தும்: தாங்கும் சட்டத்தின் கதை



ஒலிம்பிக்கில் டிராம்போலின் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? வீரர் ஒருவர் வலைப் படுக்கையில் நின்று குதிக்க ஆரம்பிப்பார். நாலைந்து குதியில் ஓட்டு வீட்டுக் கூரையைத் தாண்டுகிற உயரத்துக்குப் போய்விடுவார். மேலே இரண்டு, மூன்று கரணம் அடித்துவிட்டு அதே இடத்தில் வந்து இறங்குவார். நம் கண் முழுக்க அவர் மேலேயே இருக்கும். கீழே நான்கு பக்கமும் இழுபட்டுக்கொண்டு, அசையாமல் நிற்கிற இரும்புச் சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தைப் பற்றியது. பி.காம். படிக்கிறவனுக்கு இரும்புச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருக்கிறது, படித்துக்கொண்டே வாருங்கள் :-)

முதலில் நம் ஊர்க் கயிறு

டிராம்போலின் அமெரிக்கக்காரர் கண்டுபிடிப்பு. ஆனால் அதன் சட்டத்துக்கு இருக்கிற சிக்கல் நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த மாதங்களிலும், கோயில் திருவிழா சமயத்திலும் கடைத்தெரு முனையில் கழைக்கூத்து நடக்கும். இரண்டு மூங்கில்களைக் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்காகக் கட்டி நிறுத்துவார்கள். கொஞ்ச தூரம் தள்ளி அதே போல இன்னொரு ஜோடி. இரண்டு கத்தரிகளின் கவட்டையிலும் கயிற்றைப் போட்டு, இரு முனைகளையும் தரையில் அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுவார்கள். மேளச் சத்தம் ஆரம்பித்ததும் ஒரு சின்னப் பெண் கையில் நீளக் கழியோடு கயிற்றின் மேல் நடப்பாள்.

இந்தக் கலைக்கு வயது ரொம்ப அதிகம். குறுந்தொகையின் ஏழாவது பாட்டில், கயிற்றின் மேல் ஆடும் ஆரியரின் பறை ஒலி உவமையாக வருகிறது. காற்றில் வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் கலகலக்கும் சத்தத்துக்கு அந்தப் பறை ஒப்பு. நற்றிணையின் 95-ஆவது பாட்டில் ஆட்டக்காரி நடந்த முறுக்குக் கயிற்றில் ஒரு குரங்குக் குட்டி ஏறி ஆடுகிறது. குறவர் பிள்ளைகள் பாறை மேல் நின்று தாளம் கொட்டுகிறார்கள். 'ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு' என்ற பழமொழி இந்தக் கயிற்று ஆட்டத்தைத்தான் சொல்கிறது என்று விளக்குபவர்களும் உண்டு. கயிற்றில் நிற்கிறவளுக்குக் காரியத்தில் கண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூங்கில் கத்தரியை ஒரு நிமிடம் பொறியியல் கண்ணோடு பாருங்கள். காலை அகட்டினால் கயிறு தாழும், தொய்யும். காலை நெருக்கினால் கயிறு உயரும், விறைக்கும். மேடு பள்ளமான தெருவில் ஒரு காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திச் சமன் செய்துகொள்ளலாம். மூங்கிலில் ஆணி அடித்தால் பிளந்துவிடும் என்பதால் எல்லாமே கட்டுதான். அவிழ்த்தால் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கலாம். உறுதி வேண்டும், உயரம் மாற்ற வேண்டும், தூக்கிக்கொண்டும் போக வேண்டும். இந்த மூன்று தேவையும் பின்னால் டிராம்போலின் செய்தவர்களின் எதிரில் அப்படியே வந்து நின்றன.

கொஞ்சம் கணக்கு

கயிற்றில் நடப்பவள் 30 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கத்தரிகளுக்கும் இடையே 6 மீட்டர். அவள் நடுவில் நிற்கும்போது கயிறு 30 செ.மீ. தொய்கிறது. கயிற்றில் விழும் இழுவிசை எவ்வளவு? பள்ளிக்கூட இயற்பியல் போதும்: ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். அவள் எடையைப் போல ஐந்து மடங்கு! தொய்வை 15 செ.மீ. ஆகக் குறைத்தால் இழுவிசை 300 கிலோவுக்குப் போய்விடும்.

அதாவது, கயிறு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அது இரண்டு பக்கத் தாங்கல்களையும் உள்ளே இழுக்கும். எடையைத் தாங்குவது பெரிய விஷயமில்லை, அதை மூங்கில் பார்த்துக்கொள்ளும். உள்ளே இழுக்கிற விசையைத் தாங்குவதுதான் கடினம். அதைத் தாங்குவது தரையில் அடித்த முளை. காவிரி வண்டல் மண் ஈரமாக இருந்தால் முளை இளகும் என்று அந்த ஆட்டக்காரருக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் முளையை மிதித்தும் ஆட்டியும் பார்ப்பது அதற்காகத்தான்.

இப்போது ஒரு கேள்வி. ஒரு கயிற்றுக்குப் பதிலாக நான்கு பக்கமும் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங்குகள் இழுத்தால்? தரையில் முளையும் அடிக்க முடியாது, ஏனென்றால் அது மரப்பலகை போட்ட உடற்பயிற்சிக் கூடம். அந்த இழுவை முழுவதையும் சட்டமே தாங்கியாக வேண்டும். அதுதான் டிராம்போலின்.

அயோவாவில் ஒரு பையன்

ஜார்ஜ் நிஸன் 1914-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். அது மக்காச்சோளம் விளைகிற நாடு. நம் டெல்டாவைப் போலவே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சிறுவனாக அவர் சர்க்கஸ் பார்க்கப் போனார். ஊஞ்சல் பார் ஆடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டிய காப்பு வலையில் குதித்து, அந்த வலை தருகிற எம்பலில் ஒரு கரணம் போட்டு இறங்கினார்கள். மற்றவர்களுக்கு அது ஆட்டத்தின் முடிவு. இவருக்கு அங்கேதான் ஆட்டம் ஆரம்பம். அந்த வலையிலேயே தொடர்ந்து குதித்துக்கொண்டிருக்க முடியாதா?

சுமார் 16 வயதில் வீட்டு வண்டிக் கொட்டகையில், கிடைத்த இரும்பையும் கித்தான் துணியையும் வைத்து முதல் முயற்சியைச் செய்தார். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளராக இருந்த லேரி கிரிஸ்வோல்டோடு சேர்ந்து 1934-இல் உருப்படியான ஒரு மாதிரியைச் செய்து முடித்தார். ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், ஓரத்தில் வளையம் பதித்த கித்தான், இரண்டையும் இணைக்கும் ஸ்பிரிங்குகள். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய பொருட்கள்தான்.

1937-இல் நண்பர்களோடு மெக்சிகோவில் சாகசக் காட்சிகள் நடத்தப் போன இடத்தில், நீச்சல் குளத்தில் பாய்வதற்கான பலகைக்கு ஸ்பானிய மொழியில் 'டிராம்போலின்' என்று பெயர் இருப்பதைத் தெரிந்துகொண்டார். எழுத்துக் கூட்டலைக் கொஞ்சம் மாற்றி அதையே தன் கருவிக்குப் பெயராக்கி வணிகக் குறியீடாகவும் பதிவு செய்தார். 1942-இல் கிரிஸ்வோல்டோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். 1945 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க டிராம்போலினை வாங்கியது. ஆகாயத்தில் தலைகீழாகும்போது மூளை குழம்பாமல் திசை தெரிய வேண்டும், அதற்கு இது நல்ல பழக்கம். போருக்குப் பிறகு பள்ளிகளும் கல்லூரிகளும் வாங்கின. 1964-இல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது.

மடக்கினால்தான் விற்கும்

வணிகவியல் மாணவனுக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கூடைப்பந்து, மத்தியானம் வேறு வகுப்பு, மாலையில் ஜிம்னாஸ்டிக்ஸ். அங்கே ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு இரும்புக் கட்டிலை நிரந்தரமாகப் போட்டு வைக்க எந்தத் தலைமையாசிரியர் சம்மதிப்பார்? என்னதான் நன்றாகக் குதித்தாலும் கதவு வழியாக நுழையாத பொருளைப் பள்ளிக்கு விற்க முடியாது.

அதனால் சட்டம் மடங்க வேண்டியதாயிற்று. நீளவாக்கில் இரு முனைப் பகுதிகளும் கீலில் திரும்பி, நடுப்பகுதியின் மேல் வந்து படுக்கும். பிறகு மொத்தத்தையும் பக்கவாட்டில் சாய்த்து, சக்கரம் வைத்த தாங்கியில் ஏற்றிக் கதவு வழியே உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்திவிடலாம். இன்றைக்குப் போட்டிகளில் பயன்படும் டிராம்போலின்களும் அடிப்படையில் இப்படித்தான் மடங்குகின்றன.

மடக்குவது என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஸ்பிரிங்குகள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன அல்லவா? முனைப் பகுதியைத் திறக்கும்போது அது திமிறும். பாதி வழியில் கையை விட்டால் வேகமாகத் திரும்பி வந்து அடிக்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற ஆட்கள் இரு பக்கமும் நின்றுதான் திறக்கவும் மூடவும் வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். குதிக்கும்போது மட்டும் ஆபத்து என்று நினைத்தால் தப்பு, எடுத்து வைக்கும்போதும் ஆபத்து.

உறுதியும் மாற்றத்தக்க தன்மையும் இங்கேதான் மோதுகின்றன. ஒவ்வொரு கீலும், ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு பின்னும் ஒரு பலவீனமான இடம். மடங்காத சட்டம் உறுதியாக இருக்கும், ஆனால் விற்காது. மடங்கும் சட்டம் விற்கும், ஆனால் ஒவ்வொரு கீலையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டப் பாய்ச்சலுக்கு உதவும் மினி டிராம்போலினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் முன்னங்காலையும் பின்னங்காலையும் தனித்தனியே உயர்த்தித் தாழ்த்தலாம். ஓடி வருகிற பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் உயர்ந்து, படுக்கை சாய்வாக நிற்கும். சிறுவனுக்கு ஒரு அளவு, பெரியவருக்கு ஒரு அளவு. ஒரு காலின் பின் சரியாக மாட்டவில்லை என்றால் மொத்தமும் ஒரு பக்கம் சரியும்.

கூடவே ஒரு பாடம். நிஸனின் 'டிராம்போலின்' என்ற குறியீடு காலப்போக்கில் எல்லோருக்கும் பொதுவான பெயராகிவிட்டது. நாம் எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்கிறோமே, அதே கதைதான். காப்புரிமைக்கும் அக்காலத்தில் 17 ஆண்டுதான் ஆயுள். 1945-இல் கிடைத்தது 1962-இல் முடிந்திருக்கும். பெயரும் போய், காப்புரிமையும் போனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எல்லோரும் செய்தார்கள். எல்லோரும் ஒரே கவனத்தோடு செய்தார்களா என்பதுதான் கேள்வி.

நடுவில் கால் வைக்க முடியாது

கட்டில் ஆடினால் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்போம். பந்தல் தொய்ந்தால் நடுவில் ஒரு சவுக்குக் கம்பு நடுவோம். டிராம்போலினில் அது முடியவே முடியாது. எடை வந்து விழுவதே நடுவில்தான். ஆனால் நடுவில்தான் காலியிடம் இருந்தாக வேண்டும். கீழே ஒரு குறுக்குக் கம்பி இருந்தால்கூட அது குதிப்பவரின் காலை உடைத்துவிடும்.

போட்டி டிராம்போலினின் அளவு சொல்கிறேன். சட்டம் 5.05 மீட்டர் நீளம், 2.91 மீட்டர் அகலம், 1.155 மீட்டர் உயரம். படுக்கை 4.28 மீட்டருக்கு 2.14 மீட்டர். அந்த உயரம் அழகுக்காக வைத்ததல்ல. வேகமாக இறங்கும்போது படுக்கை அவ்வளவு ஆழத்துக்குக் கீழே போகும், தரை தட்டக் கூடாது.

எவ்வளவு விசை இறங்கும்? 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து, வீரர் ஆகாயத்தில் இருக்கும் நேரத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு ஆட்டத்தில் பத்து சாகசங்கள். முன்னணி வீரர்களுக்கு மொத்தம் 18 விநாடி அளவுக்கு வரும், அதாவது ஒரு குதிக்கு 1.8 விநாடி. படுக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 0.3 விநாடி என்று கொள்வோம். 2.1 விநாடிக்கான உடல் எடை முழுவதையும் படுக்கை அந்த 0.3 விநாடிக்குள் திருப்பித் தள்ளியாக வேண்டும். ஆக, சராசரியாக உடல் எடையைப் போல ஏழு மடங்கு. 60 கிலோ வீரர் என்றால் 420 கிலோ. உச்சத்தில் அதற்கும் மேலே. இத்தனையும் ஸ்பிரிங் வழியாகச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து கால்களுக்கும் போகிறது. அதுவும் ஒரு முறை அல்ல, நாள் முழுக்க, ஆண்டு முழுக்க. அதனால்தான் கால்களை அகட்டி, முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்து, நடுவைக் காலியாக விடுகிறார்கள். நம் மூங்கில் கத்தரி நிற்கிற அதே நியாயம்.

குழி வெட்டிய காலம்

1959-60 வாக்கில் அமெரிக்காவில் ஒரு மோகம் கிளம்பியது. காலி மனையில் வரிசையாகக் குழி வெட்டி, குழியின் வாயில் டிராம்போலினைத் தரை மட்டத்தில் பதித்து, நேரக் கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு குதிக்க விட்டார்கள். 'ஜம்ப் சென்டர்' என்று பெயர்.

சட்டத்தின் கணக்குப்படி பார்த்தால் இது அருமையான ஏற்பாடு. கால் இல்லை, ஆட்டம் இல்லை, கவிழாது, உயரத்திலிருந்து விழுகிற பேச்சும் இல்லை. ஆனாலும் கழுத்தும் கையும் காலும் முறிந்தன. பயிற்சியாளர் இல்லை, ஓரத்து இரும்புக்கும் ஸ்பிரிங்குக்கும் சரியான மெத்தை இல்லை. காசு கொடுத்தவர் எல்லாம் குதித்தார். வந்த வேகத்திலேயே மோகம் அடங்கி, அந்த மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பள்ளிகளிலும் விபத்துகள் நடந்தன. 1977-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, பள்ளிகளில் டிராம்போலினே வேண்டாம் என்று அறிவித்தது. 1981-இல் கடுமையான மேற்பார்வையோடு ஓரளவு பயன்படுத்தலாம் என்று தளர்த்தியது. அதற்குள் இழப்பீட்டு வழக்குகளும் காப்பீட்டுக் கட்டணமும் பள்ளிகளைப் பயமுறுத்திவிட்டன. இரும்பு விலை எவ்வளவு, ஸ்பிரிங் விலை எவ்வளவு என்று மட்டும் கணக்குப் போட்ட தொழிலில், விழுகிறவரின் மருத்துவச் செலவு என்ற வரவு செலவுப் பத்தி திடீரென்று முளைத்தது. அது எப்போதும் இருந்ததுதான். அதுவரை அதை விழுந்தவர் வீட்டுக் கணக்கில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதே மருத்துவர்கள் அமைப்பு 2012-இல் சொன்ன ஒரு தகவல் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டிராம்போலின் காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது ஏற்படுகின்றன. பெரியவன் இறங்கும்போது படுக்கையில் சேரும் சக்தி, பக்கத்தில் நிற்கிற சின்னவனைத் தூக்கி எறிந்துவிடும். அடிபடுவது பெரும்பாலும் சின்னவன்தான்.

சட்டத்தை ஒளித்தவர்

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் கீத் அலெக்சாண்டர் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். மகளுக்கு டிராம்போலின் வாங்கலாம் என்றபோது, அது ஆபத்து என்று அவர் மனைவி மறுத்துவிட்டார். சரி, எதனால் ஆபத்து என்று இவர் ஆராய்ந்தார். ஓரத்தில் இருக்கும் கடினமான சட்டம், சதையைக் கவ்வும் ஸ்பிரிங், ஓரத்தைத் தாண்டிக் கீழே விழுதல் என்று மூன்று காரணம் கிடைத்தது.

மெத்தை போட்டு மூடுவதற்குப் பதிலாக, சட்டத்தை அந்த இடத்திலிருந்தே எடுத்துவிட்டார். ஸ்பிரிங்குக்குப் பதில் வளையும் கண்ணாடியிழைக் கம்பிகள். அவை தரைக்கு அருகே இருக்கும் வட்டச் சட்டத்திலிருந்து சாய்வாக மேலே எழும்பிப் படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். குதிப்பவர் ஓரத்துக்கு வந்தாலும் அவர் உடம்பு படுகிற உயரத்தில் இரும்பே இருக்காது. சுற்றிலும் வளைந்து கொடுக்கிற வலை. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2000-களின் தொடக்கத்தில் இது 'ஸ்பிரிங்ஃப்ரீ' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. விலை சாதாரண டிராம்போலினைவிட அதிகம்.

நிஸன் கேட்ட கேள்வி, 'இது கதவு வழியாகப் போகுமா?' அலெக்சாண்டர் கேட்ட கேள்வி, 'குழந்தை எங்கே விழும்?' இரண்டு பேரும் மாற்றியது சட்டத்தைத்தான். முதல் கேள்வி சந்தையை உண்டாக்கியது. இரண்டாவது கேள்வியைக் கேட்க இன்னொரு ஐம்பது அறுபது ஆண்டு ஆகியிருக்கிறது.

நம் நாட்டில்

2000-ஆம் ஆண்டு சிட்னியில் டிராம்போலின் ஒலிம்பிக் விளையாட்டானது. 86 வயது நிஸன் நேரில் போய்ப் பார்த்தார், 2010-இல் மறைந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2006 தோஹாவிலிருந்து உண்டு. இந்தியா இதில் இன்னும் பெரிய பெயர் வாங்கவில்லை.

ஆனால் கருவி இல்லாமல் என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் ஒரு உதாரணம் உண்டு. திரிபுரா மாநிலத்தின் தீபா கர்மாகர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் நான்காவது இடம் பெற்றவர். வெண்கலம் போனது 0.15 புள்ளியில். அகர்தலாவில் அவர் பயிற்சியைத் தொடங்கிய காலத்தில் சரியான சாதனங்கள் இல்லை. பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு ஒப்பேற்றிய கருவியில் பழகினார் என்று அப்போது செய்திகளில் பரவலாக வந்தது. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பாக விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லப்படும் ப்ரொடுனோவா பாய்ச்சலைச் செய்தவர் அவர். ஸ்கூட்டர் ஸ்பிரிங்கைப் பாராட்டிவிட்டு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது.

இப்போது சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் டிராம்போலின் பார்க்குகள் வந்துவிட்டன. ஆன்லைனில் வட்ட டிராம்போலின் வீட்டுக்கே வருகிறது. நம் பக்கத்துப் பொருட்காட்சிகளிலும் திருவிழாத் திடல்களிலும், இடுப்பில் ரப்பர் கயிறு கட்டிக் குழந்தைகளைக் குதிக்க விடுகிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது குழந்தையைப் பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். நான்கு காலும் தரையில் பதிந்திருக்கிறதா, இல்லை ஒரு காலுக்கு அடியில் செங்கல் சொருகியிருக்கிறதா? ஸ்பிரிங்குக்கு மேல் மெத்தை இருக்கிறதா? வெல்டிங்கில் துரு தெரிகிறதா? எத்தனை பிள்ளைகளை ஒன்றாக ஏற்றுகிறார்கள்? இதற்கெல்லாம் பொறியாளர் வேண்டாம். முளையை மிதித்துப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் கழைக்கூத்தாடியின் புத்தி போதும்.

இரண்டாவது சட்டம்

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று மரத்திலோ இரும்பிலோ செய்வது. இன்னொன்று சட்டசபையில் செய்வது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும், மேலே இருப்பவரைத் தாங்க வேண்டும்.

வணிகச் சட்டப் பாடத்தில் வருகிற ஒரு விஷயம் இங்கே பொருந்தும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பில் குறை இருந்தால் மட்டுமல்ல, வடிவமைப்பே குறையாக இருந்தாலும், சரியான எச்சரிக்கை கொடுக்காவிட்டாலும் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டியவர். மருத்துவச் செலவு விழுந்தவர் வீட்டுக் கணக்கிலிருந்து தயாரித்தவர் கணக்குக்கு மாறுகிறது. ஒரு சட்டம் சரியாக இருந்தால்தான் இன்னொரு சட்டமும் சரியாகச் செய்யப்படும்.

கழைக்கூத்தாடிகளுக்கு எந்தச் சட்டம் இருந்தது? 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், மூங்கிலிலும் கயிற்றிலும் வித்தை காட்டும் தொம்மரர் பற்றித் தனிப் பகுதி இருக்கிறது. வெள்ளைக்கார அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராகப் போகிறவர்கள் என்பதாலேயே பல சமூகங்கள் போலீஸ் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. இன்றைய தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் என்ற பெயரும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த முதல் சட்டம் தாங்குவதற்கானதல்ல, கட்டிப் போடுவதற்கானது.

பிறகு 2011-இல் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்றது. சினிமா, டிவி போன்றவற்றில் நடிக்கும் குழந்தைக் கலைஞர்களுக்கு விலக்கு உண்டு, சர்க்கஸ் தவிர. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம் என்றும் ஒரு விலக்கு உண்டு. அப்படியானால் தெருமுனையில் கட்டிய கயிறு சர்க்கஸா, கலையா, குடும்பத் தொழிலா? கயிற்றின் மேல் நிற்கிற பெண்ணுக்குக் கீழே வலையும் இல்லை, இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலும் இல்லை. தடை போட்டால் மட்டும் போதாது. அந்தக் குடும்பத்தின் அன்றைய சாப்பாடு அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. அவள் பள்ளிக்கூடம் போகவும், அவள் வீட்டில் உலை கொதிக்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

இந்தப் பெண்ணிடம் இருப்பது சாதாரணத் திறமையா? பத்து வயதில் ஒற்றைக் கயிற்றில், தெரு இரைச்சலில், உடம்பைச் சமன் செய்யத் தெரிந்தவள். அவளுடைய அப்பாவுக்கோ, மேடு பள்ளத் தெருவில் ஒரு ஆணிகூட இல்லாமல் உறுதியான, ஏற்றி இறக்கக்கூடிய தாங்கலைச் சில நிமிடத்தில் கட்டத் தெரியும். அயோவாப் பையனுக்கு ஒரு கொட்டகையும், ஒரு பல்கலைக்கழகமும், ஒரு பயிற்சியாளரும், ஒரு காப்புரிமை அலுவலகமும் கிடைத்தன. சங்க காலத்திலிருந்து கயிறு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடைத்தது துண்டு விரித்தால் விழுகிற சில்லறை.

எவ்வளவு உயரம் குதித்தோம் என்பது கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை கடைத்தெருவில் மேளச் சத்தம் கேட்டால் பத்து ரூபாய் போடுங்கள். போட்டுவிட்டு, அந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்றும் கேளுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் கழைக்கூத்து பார்த்தவர்கள், மூங்கிலை எப்படிக் கட்டுவார்கள், கயிற்றை எப்படி முறுக்கேற்றுவார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது.